இருமல் விழுந்த பலகை

அவரை எல்லோரும் ஊமை என்றுதான் கூப்பிடுவார்கள். பேச வராது என்று நினைத்துவிட வேண்டாம். சாப்பாட்டில் உப்பு ஒரு கல் குறைந்தால் அவருக்கு எப்படிப் பேச வரும் என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். பெயர் வந்தது வேலையால். அவர் தங்கத்தாள் ஒட்டுகிறவர்.

அந்தத் தாளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். விரலால் தொட்டால் விரலோடு வந்துவிடும், பலகைக்கு வராது. பக்கத்தில் நின்று ஒருத்தன் "என்னப்பா" என்றால் போதும், எழுந்து பறந்து போய் எங்கேயாவது சுருண்டு கிடக்கும். தாள் வெளியில் இருக்கிறவரை ஜன்னல் திறக்கக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது, வாய் பேசக் கூடாது. வெயில் காலத்தில் அந்த அறைக்குள் வேர்வை முதுகில் ஓடை மாதிரி இறங்கும். முப்பத்தைந்து வருடம் அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வேலையின் முறை பழைய ஐரோப்பாக்காரர்களுடையது. பலகைக்குச் சூடான பசையில் வெள்ளைச் சுண்ணப்பொடி கலந்து பத்துப் பூச்சுப் பூச வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, கன்னம் மாதிரி ஆகும்வரை தேய்க்க வேண்டும். அதன் மேல் சிவப்புக் களிமண். களிமண்ணைத் தண்ணீரால் நனைத்து, ஈரம் மின்னும்போதே தாளை இறக்க வேண்டும். அதற்கு ஒரு தட்டைத் தூரிகை உண்டு. கன்னத்தில் ஒரு தடவை தடவினால் கன்னத்து எண்ணெய் மயிரில் ஏறும், அந்தப் பிசுக்கில் தாள் தொத்திக்கொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டே இறக்க வேண்டும். எங்காவது இடைவெளி விழுந்தால், அந்த இடத்தில் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதி ஈரமாக்கி ஒரு துண்டுத் தாளை வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒட்டு. கடைசியில் நாய்ப்பல் மாதிரி வளைந்த ஒரு வழவழப்பான கல்லால் தேய்த்தால், முகம் பார்க்கலாம்.

தண்ணீரில் ஒட்டியது தண்ணீரிலேயே போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடிந்த பலகையில் ஈரத்துணி பட்டால், தங்கம் துணிக்கு வந்துவிடும். ஒருமுறை மழையில் ஒரு பலகையைக் கொண்டுபோக நேர்ந்தபோது, ஊமை தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பலகைக்குப் போட்டுவிட்டுத் தான் நனைந்துகொண்டு போனார். மூன்று நாள் காய்ச்சல். பலகைக்கு ஒன்றுமில்லை. கோட்டை ஏன் கழற்றினீர்கள் என்று மனைவி கேட்டதற்கு, "பலகை" என்றதோடு சரி.

இருமல் அவருக்கு ஐம்பத்தாறு வயதில் வந்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு படி ஏறினால். பிறகு படி இறங்கினாலும். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள், நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறவள். அங்கே தெரிந்த ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"தங்கம்."

"நகை வேலையா?"

"பலகை."

"இவரைக் கேட்டா பொழுது விடிஞ்சிடும் டாக்டர்," என்று மனைவி குறுக்கே புகுந்தாள். "வெள்ளைப் பொடி. முப்பத்தஞ்சு வருசமாத் தேய்க்கிறார். முன்னெல்லாம் மீசை நரைச்ச கிழவர் மாதிரி வீட்டுக்கு வருவார், மூஞ்சி கழுவினா மீசை கறுத்துடும். இப்ப கழுவினாலும் கறுக்க மாட்டேங்குது, அது வேற."

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தப் பொடிதான் உள்ள கெட்டிப்பட்டுப் போயிருக்கு. நுரையீரல் சுருங்கிட்டே வருது. பொடியை விட்டீங்கன்னா கொஞ்சம் தாங்கும். பழையபடி ஆகாது."

"இன்னும் எத்தனை நாள் ஒட்டலாம்?" என்று கேட்டார் ஊமை.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா உங்களுக்கு?"

விழுந்தது. நன்றாகவே விழுந்தது. ஆனால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது, அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருடத்தில் ஆள் உயரப் பலகை ஒன்றைக்கூட ஒட்டே போடாமல் அவர் முடித்ததில்லை. அவர் வேலை பார்த்த கடையில் எப்போதும் அவசரம்தான். "ஒரு துண்டு வச்சு மூடி அனுப்புய்யா, எவன் உத்துப் பாக்கப் போறான்" என்பார் முதலாளி. எவனும் பார்க்கவில்லைதான். ஊமை பார்த்தார். சுவரில் மாட்டிய ஒவ்வொரு பலகையிலும் ஒட்டு எங்கே இருக்கிறதென்று அவருக்கு மட்டும் தெரியும். மூச்சு நிற்பதற்குள் ஒட்டில்லாத பலகை ஒன்று. ஒன்றே ஒன்று. ஆசை அவ்வளவுதான்.

டாக்டரிடம் போவதற்குச் சில வருடம் முன்பே கடையை விட்டுவிட்டார். அதற்குப்பின் அவருக்கு வேலை கொடுத்தவள் ஓர் ஓவியக்காரி. ஐம்பதைத் தொட்ட பெண்பிள்ளை. ஒரு பீங்கான் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் தட்டு விளிம்பில் நீலக் கொடி வரைந்தவள். அதுவும் ஐரோப்பியப் பாணிதான். கொடி, இலை, மொட்டு, மறுபடி கொடி, ஒரு நாளைக்கு அறுபது தட்டு. "கண்ணை மூடினாலும் கொடிதான் ஓடும்ணே, இடமே விடாது" என்று ஒருநாள் சொன்னாள். பிறகு எங்கேயோ ஒரு கண்காட்சியில் ஜப்பான்காரர்களின் பழைய மடிப்புத்திரை ஒன்றைப் பார்த்திருக்கிறாள். ஆறு மடிப்புத் தங்கம், ஓரத்தில் ஒரே ஒரு கிளை. மற்றதெல்லாம் சும்மா. அதற்கு முன்னால் நின்று அழுதாளாம். அன்றோடு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது அவள் வரைவது இதுதான்: ஊமை ஒட்டிக் கொடுக்கும் தங்கப் பலகையின் கீழ் மூலையில் ஒரு கிண்ணம், அதன் விளிம்பில் நகம் அளவுக்கு அந்தப் பழைய நீலக் கொடி, பக்கத்தில் ஒரு பேரிக்காய். அல்லது ஒரு மாதுளை. மேலே முக்கால் பலகை வெறும் தங்கம்.

ஊமையின் மச்சினன், மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவன், வாய் நீளம். முதல் படத்தைப் பார்த்ததும், "மச்சான், மீதியை எப்ப வரைவாங்க?" என்றான். அக்கா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஊமைக்கு மட்டும் அந்தப் படங்கள் பிடித்திருந்தன. பிடிக்காமல் என்ன? முக்கால்வாசிப் படம் அவருடையது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மாதத்தில்தான் ஓவியக்காரி ஆள் உயரப் பலகை ஒன்று கேட்டாள். பெரிய கூடம் ஒன்றில் கண்காட்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஊமைக்கு உள்ளே ஏதோ எழுந்து நின்றது. இதுதான் அந்தப் பலகை.

பொடி தேய்த்து முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விட்டது. முன்பு ஒரு மூச்சில் மூன்று தாள் இறக்குவார், இப்போது ஒன்றுக்கே நெஞ்சு முட்டியது. ஆனாலும் மூன்றாம் நாள்வரை ஒரு சந்து விழவில்லை. நான்காம் நாள், மேல் வலது பக்கம், தாள் தூரிகையில் இருக்கும்போது இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. ஆளைக் குனியவைத்து, கண்ணில் நீர் வரவைத்து, முழங்காலில் உட்காரவைத்த இருமல். எழுந்து பார்த்தபோது ஈரமாக இருந்த ஏழெட்டுத் தாள் நார்நாராகக் கிழிந்து, நடுவில் சிவப்புக் களிமண் வாய் பிளந்து நின்றது. 'ஹா' என்று ஊதி ஒட்டுப் போடப் போனார். ஊதினால் இருமல். இருமினால் இன்னொரு கிழிசல். கடைசியில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். கண்காட்சிக்கு நாள் இல்லை, திரும்பத் தேய்க்கத் தெம்பும் இல்லை.

ஓவியக்காரி வந்தாள். ஊமை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் கிட்டே போய், கிழிசலுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள் கடைசியில். "இதுதாண்ணே. இத்தனை வருசமா நான் தேடினது இதுதான்."

"இருமிட்டேன்மா."

"அழகா இருக்கு."

"கெட்டுப்போச்சுன்னு சொல்றேன்."

"இல்லண்ணே. ஜப்பான்ல இதுக்குன்னே ஒரு பார்வை இருக்கு. குறை இருக்கிற இடத்துலதான் பொருளுக்கு உயிர்னு சொல்லுவாங்க."

ஊமை கற்ற வழியில் குறை என்றால் குறைதான். அதில் உயிர் இருக்கிறதென்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

கண்காட்சிக்கு ஊமை, மனைவி, மச்சினன் மூன்று பேரும் போனார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி நல்ல செருப்புப் போட்டுக்கொண்டாள். கூடத்தின் நடுச்சுவரில் அந்தப் பலகை. கிழிசலுக்கு நேர் கீழே பிளந்த மாதுளை ஒன்று, அதே சிவப்பில். பக்கத்தில் ஓர் அட்டை. மனைவி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "கிழிசல்கள் வேண்டுமென்றே விடப்பட்டவை." படித்துவிட்டுக் கணவன் முகத்தைப் பார்த்தாள். "வேணும்னேவா இருமினீங்க?"

"மச்சானோட இருமலுக்கு விளக்குப் போட்டு மாட்டியிருக்காங்கக்கா," என்றான் தம்பி. "என் தும்மலையும் யாராவது கேட்டா சொல்லு."

முன்னால் நின்ற ஒரு பெரிய மனுஷி தன் தோழியிடம், "பாத்தியா, சுவரே மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றாள். ஊமைக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்து இருமினார். உள்ளே அதைத்தான் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரமே ஓவியக்காரி வீட்டுக்கு வந்தாள். பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தாள், பாவம், நல்ல மனசுதான். நாலு பலகை வேண்டும், எல்லாம் ஆள் உயரம், எல்லாம் அதே மாதிரி. பொடி தேய்க்கிற வேலையை ஒரு மரக்கடையில் மெஷினில் முடித்து அனுப்பிவிடுகிறேன், நீங்கள் தங்கம் மட்டும் ஒட்டினால் போதும் என்றாள். ஊமை சரி என்றார். நாலு பலகை என்றால் நாலு வாய்ப்பு.

முதல் பலகையை அவள் கேட்டபடியே செய்து பார்த்தார். டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்தில் இருமல் கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆகையால் கிழிசலைக் கையால் செய்ய வேண்டி வந்தது. கத்தியால் கீறினார், பஞ்சால் இழுத்தார். ஓவியக்காரி பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"அண்ணே, இது நீங்க கிழிச்சது."

"ஆமா."

"அது தானாக் கிழிஞ்சது."

மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "ஏம்மா, அப்போ இவர் இருமணும்ங்கிறியா?"

ஓவியக்காரியின் முகம் சுண்டிப்போனது. "ஐயோ அக்கா! நான் போய் அப்படிச் சொல்லுவேனா?"

"வேற எப்படிச் சொல்லுவே? மருந்து பாட்டிலை எடுத்துட்டுப் போயிடறியா? அப்ப நல்லாக் கிழியும்."

ஓவியக்காரி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். மனைவிக்கும் சங்கடமாகப் போய், டீ போட உள்ளே போனாள். ஊமைதான் பேசினார், அவருக்கு நீளமான பேச்சு. "அடுத்த பலகையை என் இஷ்டத்துக்குப் பண்றேன்மா. அதைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இருபத்தோரு நாள் எடுத்துக்கொண்டார். தெருவில் லாரி ஓட ஆரம்பித்தால் தரை அதிரும், ஆகையால் விடிந்ததும் உட்கார்ந்து எட்டு மணிக்கு எழுந்துவிடுவார். மருந்தை மணி தவறாமல் குடித்தார். முந்தின நாள் மாலை குளிர்ந்தது எதையும் தொடமாட்டார். ஒரு நாளைக்குப் பதினைந்து தாள், அதற்கு மேல் இல்லை. தாளுக்கு ஒரு மூச்சு. இறக்கிவிட்டுத் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு, அடுத்தது. இருமல் வரும் என்று தோன்றினால் தாள் பரப்புகிற சின்னத் தோல் மெத்தையில் தாளை வைத்து மூடிவிட்டு வெளியே போய் இருமிவிட்டு வருவார். சில நாள் மூன்று தாளோடு எழுந்ததும் உண்டு. மனைவி வேலைக்குப் போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள், அவள் கதவு சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படிப்பட்டவள்.

கடைசித் தாள் இடது கீழ் மூலை. இறங்கியது. மூன்று நாள் கல்லால் தேய்த்தார். பிறகு பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு, முகத்தை ஒட்டினாற்போல் வைத்துத் தலையிலிருந்து கால்வரை தேடினார். ஒட்டு இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது.

மறுநாள் ஓவியக்காரி வந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள், பின்னால் போனாள், உட்கார்ந்து பார்த்தாள். பையிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்துப் பலகையின் அடியில் தரையில் வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். கடைசியில் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குண்ணே," என்றாள்.

அந்தக் குரல் ஊமைக்குத் தெரியும். மனைவி சுமாரான துணிக்கடையிலிருந்து வெளியே வரும்போது கடைக்காரனிடம் சொல்கிற குரல்.

"சொல்லுங்கம்மா."

"இதுல பழத்தை எங்க வச்சாலும் வழுக்கி விழுந்துடும்ணே. எனக்கு உள்ள போக ஒரு வழி வேணும். இது கதவைச் சாத்திட்டு நிக்குது." பேரிக்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இது முடிஞ்சுபோன பொருள். நான் செய்ய ஒண்ணுமில்ல. நீங்களே வச்சுக்கோங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். தங்கத்தை விட்டுக்கொடுப்பதற்கு யாருக்கு மனசு வரும்? அவளுக்கு வந்தது.

தங்கம் ஒட்டாத மற்ற இரண்டு பலகைகளையும் ஆள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். "நீங்க உடம்பைப் பாத்துக்கோங்கண்ணே" என்றாள். மூன்று மாதம் கழித்து மச்சினன் ஒரு சேதி கொண்டுவந்தான். தங்கத்தைச் சாதாரணமாக ஒட்டிவிட்டு, பார்சல் கட்டுகிற பிசின் டேப்பை மேலே ஒட்டிச் சரக்கென்று உரித்தால் அச்சு அசலாக அப்படியே கிழிகிறதாம். வேறு யாரோ செய்து கொடுக்கிறார்களாம். பிரமாதமாக வருகிறதாம்.

"உங்க இருமலுக்கும் வேலை போச்சு மச்சான்," என்றான். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஊமை சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பலகை வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரே அறை, வேறெங்கே வைப்பது? கட்டிலுக்கு எதிரே, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார்கள். அதற்குள் ஊமையால் கட்டிலை விட்டு அதிகம் எழ முடியாமல் போய்விட்டது. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். மனைவி வேலைக்குக் கிளம்பும்போது பலகையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வாள். "கண்ணாடியை விட இது தேவலை, சுருக்கம் தெரியல" என்பாள். அதை ஒட்டில்லாத பலகை என்று அவர் அவளிடம் சொல்லவேயில்லை. சொல்ல நினைத்த நாளெல்லாம் சொல்கிற அளவுக்கு மூச்சு இல்லை. மூச்சு இருந்த நாளில், இதைப் போய் என்னவென்று சொல்வது என்று இருந்தது.

வெயில் காலம் வந்தது. மூன்று மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகப் பலகையில் விழுந்து, அங்கிருந்து திரும்பி அவர் முகத்தில் அடித்தது. கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. அறை கொதித்தது. ஒரு சனிக்கிழமை மனைவி சீக்கிரமே வந்துவிட்டாள். அவர் வேர்த்து விறுவிறுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு நேரம் இந்தச் சூட்டுலயா கெடந்தீங்க? பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

பையைக் கீழே போட்டாள். சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட விரிப்பு ஒன்று வீட்டில் இருந்தது. அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு முறுக்கிப் பிழிந்தாள். முப்பது வருடம் அதே வேலை, கை தானாகச் செய்தது. ஈர விரிப்பை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு பலகையின் பக்கம் போனாள்.

ஊமை பார்த்தார். அவரிடம் ஒரு சொல்லுக்கு மூச்சு இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் போதும், நின்றுவிடுவாள்.

அவள் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. பிழிந்த கையில் தண்ணீர் முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. பலகையின் மேல் விளிம்பில் விரிப்பைப் போட்டு இழுத்துவிட்டாள், சுருக்கம் இல்லாமல், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு விரிக்கிற மாதிரி உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டவிட்டாள்.

அறை சட்டென்று மங்கிக் குளிர்ந்தது. ஜன்னல் காற்று ஈரத்தில் பட்டு அவர் முகத்துக்கு வந்தது.

"இப்ப தேவலையா?" என்றாள்.

ஊமை தலையை ஆட்டினார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். விரிப்பின் அடி விளிம்பிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. களிமண் சிவப்பாக இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஊமை அடுத்த சொட்டு சேருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.